பறவை லிஸ்ட் எழுத ஆரம்பிக்கிறவங்களுக்கு

உலகத்துல கிட்டத்தட்ட 11,000 வகை பறவை இருக்கு, அதைப் பாத்து மலைச்சுப் போகாதீங்க, முதல்ல ஒரு 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெருசா காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ.) வாங்கிட்டு தினமும் கண்ணுல படுற பறவையிலேருந்தே ஆரம்பிங்க.

பறவையப் பாத்த உடனே புக்கைப் புரட்டாதீங்க, அது பறந்துடும். மூக்கு, கண்ணு, காலு, இறக்கைல கோடு இருக்கா, வால ஆட்டுதா, இதையெல்லாம் நல்லா பாத்துட்டு அப்புறம் தேடுங்க. வெள்ளைக் கொக்கையே எடுத்துக்கோங்க, எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியும், ஆனா சின்னக் கொக்குக்கு காலு கருப்பு, பாதம் மட்டும் பளிச்சுனு மஞ்சள், பெரிய கொக்குக்கு பாதமும் கருப்புதான், சேத்துலேருந்து காலைத் தூக்குற அந்த ஒரு நொடிக்காக காத்திருந்து பாக்குறது அவ்ளோ சந்தோஷம்!

லிஸ்ட்டுக்கு ஈபேர்ட் (eBird) போதும், பாத்த பறவைய பதிவு பண்ற வெப்சைட், ஆப் அது, அமெரிக்காவுல இருக்குற கார்னெல் பல்கலைக்கழகத்தோட பறவையியல் ஆய்வகம் 2002ல ஆரம்பிச்சது, இலவசம். தேதி, நேரம், எவ்ளோ தூரம் நடந்தீங்க, ஒவ்வொண்ணும் எத்தனைனு எண்ணிப் போடுங்க. காக்கா குருவிய விட்டுடாதீங்க ப்ளீஸ், எல்லாத்தையும் போட்ட லிஸ்ட்தான் ஆராய்ச்சிக்கு ரொம்ப உதவும்.

மெர்லின்னு ஒரு ஆப் பறவையோட சத்தத்தை வச்சு பேர் சொல்லும், ஆனா அதை நம்பி மட்டும் லிஸ்ட்ல ஏத்தாதீங்க, நீங்களே கேட்டு உறுதி பண்ணுங்க. சந்தேகம்னா பொதுவா "கழுகு வகை"னு போட்டாலும் தப்பே இல்ல.

வெளிநாடு போனா பாத்த இடத்தையும் சரியா குறிச்சு வைங்க, ஏன்னா 2024ல கூகைங்கிற ஆந்தைய அது வாழுற இடத்தைப் பொறுத்து மூணு இனமா பிரிச்சாங்க, இடம் தெரிஞ்சிருந்தா பழைய லிஸ்ட்டும் தானா மாறிக்கும்.