காலேஜ் பாஸ்கெட்பாலில் பிக் மேன்: எம்புவதையும் வேகத்தையும் எப்படிக் கணிப்பது

வளையத்தையொட்டி ஆடும் உயரமான ஆளான பிக் மேன் எவ்வளவு உயரம் எம்புகிறார் என்பதை மட்டும் வைத்து அவரை எடை போடாதீர்கள். எவ்வளவு சீக்கிரம் எம்புகிறார், தரையில் இறங்கியதும் எவ்வளவு சீக்கிரம் மறுபடி எம்புகிறார், பந்து கை மாறியதும் முதல் மூன்று அடியை எப்படி வைக்கிறார், இந்த மூன்றும்தான் அமெரிக்கக் காலேஜ் ஆட்டத்தில் அவர் எவ்வளவு நேரம் களத்தில் நிற்பார் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஹைலைட் வீடியோவில் இவை எதுவும் தெரியாது, அதில் பந்தை மேலிருந்து வளையத்துக்குள் கையால் திணிக்கிற டங்க் மட்டும்தான் வரும். முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு எதைக் கவனிப்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கை எட்டும் உயரத்திலிருந்து தொடங்குங்கள். வளையம் தரையிலிருந்து 10 அடி, அதாவது 3.05 மீட்டர். எம்பாமல் நின்றபடியே கையைத் தூக்கினால் விரல் நுனி எங்கே நிற்கிறது என்பதைத்தான் ஸ்டாண்டிங் ரீச் என்கிறார்கள், ஆளின் உயரத்தை விட இது முக்கியம், ஏனென்றால் தலையால் யாரும் ரீபவுண்ட், அதாவது தவறிய ஷாட்டின் பந்தை, எடுப்பதில்லை. ஒருவருக்கு ஸ்டாண்டிங் ரீச் 2.79 மீட்டர், நின்ற இடத்திலிருந்து 60 செ.மீ. எம்புவார் என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்னொருவருக்கு 2.67 மீட்டர், ஆனால் 75 செ.மீ. எம்புவார். முதலாமவர் தொடுவது 3.39 மீட்டர், இரண்டாமவர் தொடுவது 3.42. பார்க்கும்போது இரண்டாமவர் பறப்பது போலத் தெரியும், அரங்கம் எழுந்து நிற்கும், ஆனால் பந்து இருக்கும் இடத்தில் அவருக்குக் கிடைக்கும் லாபம் வெறும் 3 செ.மீ.

அந்த உயரத்துக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. தரையை விட்டுக் கால் கிளம்பிய பிறகு 40 செ.மீ. மேலே போக, 60 செ.மீ. எம்பக்கூடியவருக்கு சுமார் 0.15 வினாடி ஆகும், 75 செ.மீ. எம்பக்கூடியவருக்கு சுமார் 0.12. வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் கால் கிளம்புவதற்கு முன்னால் முழங்காலை மடக்கிக் கீழே உட்கார்ந்து கையைப் பின்னால் வீசித் தயாராகிறாரே, அதில் ஒரு வினாடியில் பத்தில் இரண்டு பங்கு கூடுதலாகப் போனால் போதும், அவருடைய கூடுதல் 15 செ.மீ. வீணாகிவிடும், அதற்குள் பந்து வேறொருவர் கையில் இருக்கும். அதனால் ஆட்டம் பார்க்கும்போது பிக் மேன் காற்றில் இருக்கும் நேரத்தைப் பார்க்காமல், கிளம்புவதற்கு முன்னால் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். நல்லவர்கள் கையை மார்புக்கு மேலேயே வைத்திருப்பார்கள், முழங்காலை லேசாக மட்டும் மடக்குவார்கள், கணுக்காலிலிருந்தே எம்பிவிடுவார்கள். மோசமானவர்கள் பந்தை இடுப்புக்குக் கீழே கொண்டுபோவார்கள், அந்த நொடியில் பந்தை ஓட்டிச் செல்லும் சின்ன ஆளான ஆறடி கார்டு ஒருவர் வந்து தட்டிப் பறித்துவிடுவார்.

அடுத்தது இரண்டாவது எம்பல். ஷாட் தவறி வளையத்தில் பட்டுப் பந்து மேலே குதிக்கும்போது நாலைந்து பேர் ஒன்றாக எம்புவார்கள், ஒருவர் விரலில் பட்டுப் பந்து மறுபடி மேலே போகும், அப்போது யார் முதலில் திரும்பவும் காற்றில் இருக்கிறார் என்பதுதான் கேள்வி. இதைக் கவனிக்க ஒரு வழி சொல்கிறேன்: ரீப்ளேயில் பந்தை விட்டுவிட்டு அவருடைய பாதத்தை மட்டும் பாருங்கள். இறங்கும்போது குதிகால் தரையில் உட்கார்ந்துவிடுகிறதா, உடம்பு நிலைகுலைந்து ஓர் அடி பின்னால் வைக்கிறாரா, அல்லது பாதத்தின் முன்பகுதியில் இறங்கி உடனே கிளம்புகிறாரா? 2021-22 சீசனில் கென்டக்கிக்கு ஆடிய ஆஸ்கர் ஷீப்வே ஆட்டத்துக்குச் சராசரியாக 15.1 ரீபவுண்ட் எடுத்து ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதுகளை அள்ளினார், அவர் உயரம் 6 அடி 9 அங்குலம்தான். மோர்ஹெட் ஸ்டேட்டின் கென்னத் ஃபரீட் இன்னும் ஒரு அங்குலம் குறைவு, அவர்தான் 2011-இல் டிம் டங்கனின் ரீபவுண்ட் கணக்கைத் தாண்டி நவீன காலச் சாதனையைத் தன் பெயரில் எழுதினார். ஷாட் போகும்போதே பந்து எங்கே விழும் என்று கணித்து, எதிராளியை இடுப்பால் தள்ளி இடம் பிடித்து, ஒரு முறை கிடைக்காவிட்டால் மறுபடி, மறுபடி எம்புகிறவர்கள் இவர்கள். எம்பும் திறமை இடம் பிடித்த பிறகுதான் வேலை செய்யும். இடம் பிடிக்காமல் பின்னாலிருந்து எம்பினால் எதிராளியின் முதுகில் விழுந்து ஃபவுல்தான் மிஞ்சும்.

எதிராளியின் ஷாட்டைக் காற்றிலேயே தடுக்கும் பிளாக் விஷயமும் இதே கதைதான். 2011 டிசம்பரில் கென்டக்கி, நார்த் கரோலினாவை 73-72 என்று வென்ற ஆட்டத்தின் கடைசி நொடிகளைத் தேடிப் பாருங்கள். ஜான் ஹென்சன் எறிந்த ஷாட்டை ஆன்டனி டேவிஸ் தடுத்துத் தானே பிடித்துக்கொள்வார். அதில் பெரிய எம்பல் எதுவும் இல்லை, சரியான நேரத்தில் கிளம்பிய எம்பல்தான் இருக்கிறது. பள்ளியில் கார்டாக ஆடி, பிறகு மளமளவென்று வளர்ந்தவர் என்பதால் அவருக்குக் கால்கள் கார்டின் கால்களாகவே இருந்தன. அந்த ஒரே சீசனில் 186 பிளாக். எதிராளி எம்பும் வரை தரையில் காத்திருக்கிற பொறுமைதான் இதில் பாதி. தான் முதலில் எம்பிவிடுகிற பிக் மேனை எந்த நல்ல கார்டும் ஒரு பொய்யான ஷாட் அசைவில் காலி செய்துவிடுவார்.

எம்புவது மட்டும்தான் எல்லாம் என்று நினைக்கிறவர்களுக்குப் பழைய கதை ஒன்று. 1967-க்குப் பிறகு காலேஜ் ஆட்டத்தில் டங்கையே தடை செய்துவிட்டார்கள், யூசிஎல்ஏவில் லூ அல்சிண்டர், பிற்பாடு கரீம் அப்துல் ஜப்பார் என்று நமக்குத் தெரிந்தவர், ஆடிய ஆட்டம் அதற்குப் பெரிய காரணம் என்று சொல்வார்கள். தடை 1976 வரை இருந்தது. அந்தத் தடைக்கு நடுவில்தான் 1973 தேசிய இறுதி ஆட்டத்தில் அதே யூசிஎல்ஏவின் பில் வால்டன் மெம்பிஸ் ஸ்டேட்டுக்கு எதிராக 22 ஷாட்டில் 21 போட்டு 44 புள்ளி எடுத்தார். டங்க் ஒன்றுகூட எண்ணிக்கையில் கிடையாது. பந்து வருமுன்பே சரியான இடத்தில் நிற்கும் கால், மேலேயே பிடித்து மேலேயே விடும் கை, இவ்வளவுதான்.

சரி, வேகத்துக்கு வருவோம்.

களத்தின் நீளம் 94 அடி. ஆனால் பிக் மேனின் வேகத்தை முழு நீளத்துக்கு அளக்க வேண்டியதில்லை. அணி பந்தைக் கைப்பற்றிய அந்த நொடியில் கேமராவின் ஓரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சிலர் பந்தைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நாலு அடி வைத்துவிட்டு அப்புறம்தான் திரும்புவார்கள். சிலர் இடுப்பைத் திருப்பி நேராக எதிர் வளையத்தை நோக்கி ஓடிவிடுவார்கள். இரண்டாவது வகை ஆள் நாலைந்து வினாடியில் வளையத்துக்கு முன்னால் இருக்கும் கட்டமான பெயின்ட்டுக்குள் வந்துவிட்டால், அவருக்குப் பந்து வராவிட்டால்கூட, தடுப்பவர்கள் இரண்டு பேர் உள்ளே இழுக்கப்படுவார்கள், மூலையில் நிற்கிற ஷூட்டர் தனியாக நிற்பார். அந்த மூன்று புள்ளி பிக் மேனின் கணக்கில் எங்கேயும் எழுதப்படாது, ஆனால் அது அவர் ஓட்டத்தால் வந்தது. ஒரு ஆட்டத்தில் அவர் எத்தனை முறை தன்னைத் தடுக்க வேண்டிய பிக் மேனுக்கு முன்னால் ஓடிச் சேர்கிறார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள், குறிப்பாக இரண்டாம் பாதியின் கடைசி ஐந்து நிமிடத்தில். முதல் பாதியில் எல்லோரும் ஓடுவார்கள்.

பக்கவாட்டு வேகம் இதைவிடப் பெரிய விஷயம், பிக் அண்ட் ரோலில்தான் அது அம்பலமாகும். எதிரணியின் கார்டு, தன் அணி ஆள் ஒருவர் வழிமறித்து நிற்கும் ஸ்கிரீனைச் சுற்றிக்கொண்டு வரும்போது நம் பிக் மேனுக்கு மூன்று வழி உண்டு: பின்வாங்கி வளையத்தைக் காப்பது, வெளியே பாய்ந்து கார்டைத் தடுத்துவிட்டுத் தன் ஆளிடம் திரும்பி ஓடுவது, அல்லது கார்டைத் தானே ஏற்றுக்கொள்வது. கோச் எந்த வழியை அவருக்குக் கொடுத்திருக்கிறார் என்று பார்த்தாலே அவர் கால் மீது கோச்சுக்கு இருக்கும் நம்பிக்கை புரிந்துவிடும். எப்போதும் பின்வாங்கச் சொல்லியிருந்தால் வேகம் குறைவு என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். வெளியே பாய்கிறவர் என்றால் திரும்பும்போது இடுப்பு எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். ஒரே அசைவில் திரும்பி ஓடுகிறாரா, அல்லது கால் சிக்கிக்கொண்டது போல இரண்டு மூன்று சின்ன அடி வைத்துத் திரும்புகிறாரா? அந்தச் சின்ன அடிகள்தான் தலைக்கு மேலே தூக்கிப் போடும் லாப் பாஸுக்கு வழி விடுகின்றன.

கால் மெதுவாக இருந்தால் கை வேலை செய்ய ஆரம்பிக்கும், அதுதான் ஃபவுல். காலேஜில் 40 நிமிட ஆட்டத்துக்கு 5 ஃபவுல், தொழில்முறை லீகான என்பிஏவில் 48 நிமிடத்துக்கு 6. முதல் பாதியில் இரண்டாவது ஃபவுல் விழுந்ததுமே பல கோச்சுகள் பிக் மேனை உட்கார வைத்துவிடுவார்கள். ஒருவர் ஆட்டத்துக்கு 22 நிமிடம்தான் ஆடுகிறார் என்றால் காரணம் மூச்சு வாங்குவதா, ஃபவுலா என்று தேடுங்கள். ஃபவுல் என்றால் எங்கே நடந்தது என்றும் பாருங்கள். வளையத்துக்கு அடியில் ஷாட்டைத் தடுக்கப் போய் வாங்கிய ஃபவுலைச் சரிசெய்துவிடலாம், ஆனால் வளையத்திலிருந்து 20 அடி தள்ளி, தன்னைக் கடந்து போகிற கார்டை இடுப்பால் முட்டி வாங்குகிற ஃபவுல் காலின் குறை, அது சீக்கிரம் போகாது.

காலேஜ் விதிகள் மெதுவான பிக் மேனுக்கு நிறைய சலுகை தருகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. என்பிஏவில் யாரையும் நெருங்கித் தடுக்காமல் பெயின்ட்டுக்குள் மூன்று வினாடிக்கு மேல் ஒருவர் நிற்க முடியாது, காலேஜில் அந்தத் தடை கிடையாது, வளையத்துக்கு முன்னால் அவர் பாட்டுக்கு நிற்கலாம். பெயின்ட்டின் அகலம் இங்கே 12 அடி, அங்கே 16. மூன்று புள்ளிக் கோடும் அங்கே பெரும்பகுதி இன்னும் தள்ளி இருக்கிறது, ஆகவே காக்க வேண்டிய பரப்பும் அதிகம். ஐயோவாவின் லூக்கா கார்ஸா 2021-இல் நாட்டின் சிறந்த காலேஜ் ஆட்டக்காரர், அதே ஆண்டு என்பிஏ அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 52-ஆவது இடத்தில்தான் அவரை எடுத்தார்கள். ஷீப்வேயை 2023-இல் யாருமே எடுக்கவில்லை. இவர்கள் திறமை பொய் என்று நான் சொல்ல மாட்டேன், காலேஜ் ஆட்டத்துக்கு அந்தக் கால்கள் போதுமாக இருந்தன.

பர்டூவின் 7 அடி 4 அங்குல ஸாக் ஈடி இதில் தனி ரகம். 2023, 2024 இரண்டு ஆண்டும் சிறந்த ஆட்டக்காரர், ரால்ஃப் சாம்ப்சனுக்குப் பிறகு அப்படித் தொடர்ந்து வாங்கியவர் அவர்தான். 2023-இல் அவர் அணி, முதல் டிவிஷனிலேயே மிகக் குள்ளமான அணியான ஃபேர்லீ டிக்கின்சனிடம் தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே 63-58 என்று தோற்றது. முன்னாலும் பின்னாலும் ஆள் நின்று அவருக்குப் பந்து போகவிடாமல் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். மறு ஆண்டு இறுதி ஆட்டத்தில் யூகான் (கனெக்டிகட்) வேறு மாதிரி செய்தது: பெரும்பாலும் ஒரே ஆளை விட்டு அவரைத் தடுத்தது, அவர் 37 புள்ளி எடுத்தார், ஆனால் மற்றவர்களுக்கு மூன்று புள்ளி ஷாட் அதிகம் கிடைக்காமல் யூகானுக்கு 75-60 என்று முடிந்தது. இந்த இரண்டு ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் உயரம் எதைத் தரும், எதைத் தராது என்பது நன்றாகப் புரியும். ஈடி ஆண்டுக்கு ஆண்டு அதிக நிமிடம் நின்றார், 2024 டிராஃப்டில் 9-ஆவது இடம் கிடைத்தது.

எம்பலும் வேகமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க 2019 பிப்ரவரியில் டியூக், வர்ஜீனியாவில் ஆடிய ஆட்டம். மூலையில் தனியாக நின்று டிஆண்ட்ரே ஹன்டர் எறிந்த மூன்று புள்ளி ஷாட்டை, வளையத்தின் பக்கத்திலிருந்து பாய்ந்து வந்து ஸயான் வில்லியம்சன் தட்டிவிடுவார். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், அந்த எம்பலுக்கு முன்னால் இருக்கிற ஓட்டத்தின் முதல் இரண்டு அடிதான் அதை நடக்க வைத்தது.

நீங்களே பிக் மேனாக ஆடுகிறவர் என்றால், முதலில் இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள், எம்ப அப்புறம். கனமான உடம்பு தப்பாக இறங்கினால் முழங்காலுக்குக் கீழே இருக்கிற தசைநாண் வலிக்க ஆரம்பித்து சீசனே போய்விடும். இரண்டு காலிலும் சத்தமில்லாமல் இறங்க முடிந்த பிறகு, முழங்காலை அதிகம் மடக்காமல் கணுக்காலில் மட்டும் குதிக்கும் சின்னக் குதிப்புகள், பந்தைத் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு தொடர்ந்து மூன்று முறை எம்பிப் பலகையில் தட்டுவது, நின்ற இடத்திலிருந்து திரும்பி 10 மீட்டர் ஓடுவது, இவற்றைக் களைப்பில்லாத உடம்போடு கொஞ்சமாகச் செய்யுங்கள். களைத்த பிறகு குதித்துக்கொண்டே இருந்தால் மெதுவாக எம்பத்தான் உடம்பு பழகும். ஸ்குவாட் போன்ற எடைப் பயிற்சி கூடவே வேண்டும், அது இல்லாமல் நூறு கிலோ உடம்பு வேகமாகக் கிளம்பாது.

கடைசியாக, டிராஃப்டுக்கு முன்னால் ஆட்களை அளந்து சோதிக்கும் என்பிஏ டிராஃப்ட் கம்பைன் எண்கள் வெளிவரும்போது பிக் மேனுக்கு எதை முதலில் பார்ப்பது? ஓடிவந்து எம்பும் அளவுதான் தலைப்புச் செய்தியாகும், அதை விட்டுவிடுங்கள், பெயின்ட்டுக்குள் ஓடிவர யாரும் இடம் தருவதில்லை. ஸ்டாண்டிங் ரீச், நின்ற இடத்திலிருந்து எம்பும் அளவு, இந்த இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் பெயின்ட்டைச் சுற்றி முன்னும் பக்கவாட்டிலும் பின்னுமாக ஓடும் லேன் அஜிலிட்டி நேரம். முக்கால் களத்தின் 75 அடி ஓட்டம் அதற்குப் பிறகுதான், பிக் மேன்களுக்கு மூன்றரை வினாடிக்குள் வந்தாலே போதும். எண்ணும் ஆட்டமும் முரண்பட்டால், அதாவது லேன் அஜிலிட்டி நன்றாக இருந்தும் ஆட்டத்தில் கார்டுகள் அவரைச் சுலபமாகக் கடந்து போனால், ஆட்டத்தையே நம்புங்கள். கம்பைனில் எங்கே திரும்ப வேண்டும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும், ஆட்டத்தில் அதை எதிராளிதான் முடிவு செய்கிறார்.