அத்திவாரத்தை அளந்து போடுங்கள்

கிளிநொச்சி முரசுமோட்டையில் எங்கள் ஒழுங்கையிலேயே, சுவர் எழும்பியும் கூரை ஏறாத வீடுகள் இன்னும் நிற்கின்றன. 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கட்டம் கட்டமாகத் தந்தார்கள். எங்களுக்கும் கிடைத்தது. பிள்ளைகள் வளருவார்களே என்று நான் ஓர் அறையைக் கூட்டி அத்திவாரம் வெட்டுவித்தேன். கதவு, யன்னலுக்கு மேலே போடுகிற லிண்டர் மட்டத்தில் காசு முடிந்தது. தாலிக்கொடி அடகுக்குப் போய்த்தான் கூரை வந்தது. இப்போது மகளுக்குக் கட்டுகிறோம், அந்தப் பிழையை விடாமல்.

இன்று செலவு இன்னும் மோசம். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. கம்பிக்கான இரும்பும், சீமெந்து அரைக்கிற கிளிங்கரும் பெரும்பாலும் கப்பலில் வருகிறவை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையோ 1990 இலேயே நின்றுவிட்டது. ஆயிரத்துச் சொச்சம் விற்ற சீமெந்துப் பை இரண்டாயிரத்தைத் தாண்டியது. 2024 தையில் வற் வரி 18 வீதமானது. நெல் விற்ற காசு இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

சரி, எப்படித் தொடங்குவது? முதலில் காணிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வன்னியில் பலருக்கு இருப்பது சொந்தக் காணிக்கான உறுதி அல்ல, அரச காணிக்குத் தந்த பெர்மிட். அதை ஈடுவைத்துக் கடன் எடுப்பது இலேசல்ல. இறந்துபோன தகப்பன் பெயரில் இருந்தால், பிரதேச செயலகக் காணிப் பிரிவில் பெயர் மாற்றிவிட்டு மேசனைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் அத்திவாரம். கையில் உள்ள காசுக்கு ஓர் அறை, குசினி, கக்கூஸ். அவ்வளவுக்கு மட்டும் வெட்டுங்கள். உயரத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது தண்ணீர் எதுவரை வந்தது என்று அயலில் கேட்டு, அதற்கு மேலே நிலமட்டம் வையுங்கள்.

மணலை, மணல் ஏற்றப் பெர்மிட் உள்ள உழவு இயந்திரத்தில் எடுங்கள். கொட்டுமுன் ஒரு பிடி அள்ளிக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி, ஒரு மணித்தியாலம் வையுங்கள். மேலே சேறு தடிப்பாகப் படிந்தால் திருப்பி அனுப்புங்கள். அந்த மணல் கூடுதலாகச் சீமெந்து தின்னும், பூச்சும் வெடிக்கும். சுவருக்கான சீமெந்துக் கல்லை வளவிலேயே அச்சில் அரிந்தால் ஏற்றுக்கூலி மிச்சம். ஆனால் ஏழு நாளாவது காலையும் மாலையும் தண்ணீர் விடவேண்டும். நான் சாக்கு நனைத்து மூடிவிடுவேன். சீமெந்தை மலிவென்று வாங்கி அடுக்காதீர்கள், கட்டிபட்டுவிடும். வேலைக்கு வேண்டியதை மட்டும், பலகை போட்டு, சுவரில் முட்டாமல் வையுங்கள்.

பெரும்போக வெட்டு முடிந்து காசு கைக்கு வந்ததும் தொடங்கினால், ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறிவிடும். மேசனுக்கு முழுக் காசையும் முன்னுக்குக் கொடுக்க வேண்டாம். அத்திவாரத்துக்கு இவ்வளவு, லிண்டருக்கு இவ்வளவு என்று பேசி எழுதிவையுங்கள்.

அடுத்த அறை கட்டப்போகிற பக்கம் தூண் கம்பியை இரண்டடி நீட்டி விடச் சொல்லுங்கள். அதை வெறுமையாக விட்டால் இரண்டு மாரியில் கறள் தின்றுவிடும். சீமெந்துப் பாலைத் தடிப்பாகக் கரைத்துப் பூசி, மேலே பொலித்தீன் சுற்றிக் கட்டுங்கள். ஒவ்வொரு மாரிக்கு முன்னும் அவிழ்த்துப் பார்த்துத் திரும்பப் பூசுங்கள். மகள் வீட்டில் அப்படி நான்கு கம்பி நிற்கிறது, அதற்குக் கீழே இந்தக் கோடைக்குப் பயிற்றை நட்டிருக்கிறாள்.