சம்பளத்தில் கைவைக்காமல் நாடகம் போடுவது எப்படி?

அலுவலகம் முடிந்து வந்து மாலையில் ஒத்திகை பார்க்கும் அமெச்சூர் நாடகக்காரர்களின் மரபு சென்னையில் நூறாண்டுகளைத் தாண்டியது. 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் பணியாற்றிக்கொண்டேதான் நாடகங்களை எழுதினார், நடித்தார். நாடகம் சோறு போடாது என்பது தெரிந்தேதான் இன்றும் பலர் இதில் இறங்குகிறார்கள். ஆனால் அதற்காகச் சம்பளத்திலிருந்து எடுக்கவோ, வீட்டு நகையை அடகு வைக்கவோ வேண்டியதில்லை. குழுவினரின் குரலும் நடிப்பும் பயிற்றுவிக்கும் திறனுமே, மேடையேறுவதற்கு முந்தைய 6 மாதங்களில் அந்தப் பணத்தை ஈட்டித் தர முடியும்.

முதலில் கணக்கு. 300 இருக்கைகள் கொண்ட அரங்கில் 200 ரூபாய்ச் சீட்டு வைத்து, நாடகத்துக்கு மொத்தம் 80,000 ரூபாய் செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். புதிய குழுவுக்குப் பாதி அரங்கு நிறைந்தாலே பெரிய காரியம். அப்போது கைக்கு வருவது 30,000 ரூபாய்தான். எனவே மீதி 50,000 ரூபாயை நாடகத்துக்கு முன்பே சம்பாதித்து வைத்திருக்க வேண்டும். எங்கள் முதல் நாடகத்தில் சீட்டு விற்பனையை நம்பிச் செலவு செய்தோம்; முன்வரிசைகள் முழுவதும் இலவச அழைப்பிதழோடு வந்த உறவினர்களால் நிரம்பின. கைத்தட்டலுக்குக் குறைவில்லை, ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுக்கத்தான் பணமில்லை.

நாட்காட்டி இந்தத் திட்டத்துக்குத் துணைநிற்கிறது. மார்கழியில், கலை நிகழ்ச்சிகள் நடத்தும் சபாக்களின் அரங்குகள் பெரும்பாலும் இசைக் கச்சேரிகளுக்குப் போய்விடும் என்பதால் அப்போது நாடகம் போட நினைப்பதில் பயனில்லை. அதே சமயத்தில்தான் பள்ளிகளில் ஆண்டு விழா வேலைகள் சூடுபிடிக்கின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை சம்பாதித்து, அதன் பிறகு முழு மூச்சாக ஒத்திகை பார்த்து, கோடையில் மேடையேறலாம். சென்னையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற சபா நடத்தும் கோடை நாடக விழாவைப் போன்றவை நடக்கும் காலமும் அதுவே என்பதால், நாடகம் பார்க்கும் மனநிலையில் ரசிகர்களும் இருப்பார்கள்.

வருமானங்களில் ஆண்டு விழா நாடகப் பயிற்சியே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. பள்ளி நிர்வாகம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: வகுப்பிலுள்ள 40 பிள்ளைகளும் மேடையில் தெரிய வேண்டும். ஆகவே பேசும் பாத்திரங்கள் பத்துக்குள் இருக்கட்டும். மற்றவர்கள் சந்தைக் கூட்டமாகவோ மரங்களாகவோ மழையாகவோ வரட்டும். சிறு பிள்ளைகளின் குரல் திறந்தவெளி மேடையில் எடுபடாது என்பதால் வசனங்களை முன்கூட்டியே பதிவுசெய்து ஒலிக்கவிட்டு, வாயசைக்கப் பழக்குவதே வழக்கம். எத்தனை நாள் பயிற்சி, உடை வாடகை யார் பொறுப்பு, ஒப்பனை யார் செலவு ஆகியவற்றை ஒரு பக்கக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி, மூன்றில் ஒரு பங்கை முன்பணமாகப் பெற்ற பிறகே முதல் நாள் பயிற்சிக்குப் போக வேண்டும்.

பதிவு செய்யும் பழக்கம் வந்துவிட்டால் குரல் வேலைகளும் வரும்: ஒலிநூல் வாசிப்பு, கடை விளம்பரம், நிறுவனங்களின் விளக்கப் படங்கள். இதற்கு ஸ்டுடியோ தேவையில்லை. துணிகள் நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, அதன் முன்னால் மைக்கை நிறுத்தி, இரண்டு போர்வைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் எதிரொலி பெருமளவு அடங்கிவிடும். மின்விசிறியை நிறுத்திவிடலாம், பக்கத்து வீட்டுக் குக்கரின் விசிலைத்தான் நிறுத்த முடியாது, ஆகவே இரவு பத்து மணிக்கு மேல் பதிவுசெய்வது நல்லது. திருமண வரவேற்புகளைத் தொகுத்து வழங்குவதும் நல்ல வருமானமே, ஆனால் முகூர்த்த நாட்கள் ஒத்திகையை விழுங்கிவிடும்.

வரும் பணம் தனிநபர் கைகளில் தங்காமல் பொதுக் கணக்கொன்றில் சேர வேண்டும். யார் எந்த வேலையில் எவ்வளவு கொண்டுவந்தார், அதில் அவருக்கு எவ்வளவு, நாடகத்துக்கு எவ்வளவு என்பதை ஆரம்பத்திலேயே முடிவுசெய்துவிட வேண்டும். இந்த வருமானத்தை அவரவர் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும் என்பதையும், அரசு ஊழியராக இருப்பவர் நடத்தை விதிகளைப் பார்த்து முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது என்பதையும் மறக்கக் கூடாது. ஒருவருக்கு 500 ரூபாய் வரையிலான நாடக நுழைவுச் சீட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு.

நாடகப் பிரதியை வேறொருவரின் எழுத்திலிருந்து எடுப்பதானால் உரிமை பெற வேண்டும். ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை நீடிக்கும். பம்மல் சம்பந்த முதலியார் 1964-இல் மறைந்தவர் என்பதால் அவருடைய நாடகங்கள் இப்போது யாருக்கும் பொது. பின்னணிக்குத் திரைப்பட இசையைப் பயன்படுத்துவதற்கும் அனுமதி வேண்டும் என்பதால், கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவரைப் பிடிப்பதே மலிவு.

செலவில் அதிகம் மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் செட்தான். மொத்த செட்டும் ‘குட்டி யானை’ எனப்படும் ஒரே சிறு சரக்கு வண்டியில் ஏற வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியின் பின்தட்டு ஏறத்தாழ 7 அடி நீளம். மேடையில் சுவராக நிற்கும் 8 அடி உயரத் தட்டி அதில் படுக்காது. ஆகவே ரீப்பர் மரச் சட்டத்தில் காடாத் துணி அடித்துச் செய்யும் ஒவ்வொரு தட்டியையும் 4 அடி வீதம் இரண்டாக்கி, நடுவில் கீல் வைத்து மடக்கும்படி செய்யச் சொல்லுங்கள். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் தெரு என்று வண்ணம் பூசினால், விளக்கு அணைந்திருக்கும் அரை நிமிடத்தில் இருவர் சேர்ந்து காட்சியையே மாற்றிவிடலாம்.

அரங்கை முன்பதிவு செய்யும்போது வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. செட் அடிப்பதற்கும் பிரிப்பதற்கும் ஆகும் நேரம் அந்த வாடகைக்குள் அடங்குமா, கூடுதல் மணி நேரத்துக்கு எவ்வளவு, குளிர்சாதன வசதி எப்போது முதல் இயங்கும், மேடை விளக்குகளில் எவை வேலை செய்கின்றன என்பவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை செட்டைப் பிரிக்க 20 நிமிடம் தாமதமானதற்காக நாங்கள் முழு மணி நேர வாடகை கட்டியிருக்கிறோம்.

கடைசி 10 நாட்களில் வசனப் புத்தகம் இல்லாமல் ஒத்திகை பார்க்க வேண்டும். ஒளி, ஒலி மாற்றங்களுக்கு வரிசை எண் கொடுத்து, அந்த எண்களைப் பக்கவாட்டில் குறித்த பிரதி ஒன்று விளக்கு இயக்குபவரிடம் இருக்க வேண்டும். நாடகம் முடிந்த இரவே, ஒப்பனை கலைப்பதற்கு முன், பாக்கிகளைத் தீர்த்துவிடுவது நல்லது. இரண்டாம் முறை மேடையேற்றுவதற்குச் செட் செலவு இராது என்பதால், நாடகத்தை ஏதேனும் ஒரு சபா குறைந்த தொகைக்குக் கேட்டாலும் ஒப்புக்கொள்ளலாம். அதுவரை அந்தத் தட்டிகளை யார் வீட்டு மாடிப்படிக்கு அடியில் வைப்பது என்பதை, தச்சருக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.