கோடு போடுங்கள், கேள்வி தானாக வரும்

காலநிலை மாற்றம் பற்றிக் கலை வழியாக ஏதாவது செய்யலாம் என்று நாலு பேர் கூடினாலே அழுகிற பூமி உருண்டையும் வெடித்த நிலமும் முதலில் வந்து நிற்கும். அதை விட்டுவிடுங்கள். பார்த்ததுமே 'தெரிந்ததுதானே' என்று ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள்.

அந்த இடத்துக்கே உரிய ஏதாவது ஓர் அளவைப் பிடியுங்கள். ஈவ் மோஷர் என்ற கலைஞர் 2007இல் நியூயார்க்கில் செய்தது இதுதான். கடல் பொங்கினால் தண்ணீர் எட்டக்கூடிய பத்தடி உயரம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம், விளையாட்டு மைதானத்தில் கோடு போடுகிற வண்டியைத் தள்ளிக்கொண்டு, தெருத்தெருவாகச் சுமார் 70 மைலுக்குக் கோடு போட்டார். 'என்னங்க இது?' என்று கேட்டவர்களிடமெல்லாம் நின்று பேசினார். என்னைக் கேட்டால் கலை அந்தப் பேச்சில்தான் இருக்கிறது, கோடு வெறும் சாக்கு. 2012இல் சாண்டி புயல் அடித்தபோது அந்த நகரத்தின் தாழ்வான கரையோரங்களில் கடல் புகுந்தது.

நீங்களும் செய்யலாம். உயரக்கோடுகள் உள்ள நல்ல வரைபடமோ அரசின் வெள்ள அபாய வரைபடமோ வேண்டும். கைப்பேசி காட்டும் உயரத்தை நம்பி இறங்காதீர்கள், பல மீட்டர் தப்பாகக் காட்டும். அனுமதி வாங்கிவிடுங்கள். பெயின்ட் வேண்டாம், மழையில் கரைகிற சுண்ணாம்புத்தூள் போதும். ஒருவர் வண்டி தள்ளட்டும், இன்னொருவர் பேசட்டும். அப்புறம், பேசுகிறவர் பாடம் எடுக்கக் கூடாது. 'கடைசியாக வெள்ளம் வந்தபோது இங்கே தண்ணீர் எதுவரை நின்றது?' என்று கேட்டுவிட்டு சாக்பீஸை வந்து நிற்கிறவர் கையில் கொடுங்கள். அவரே சுவரில் குறிப்பார், பக்கத்து வீட்டுக்காரர் 'இல்லை, இன்னும் ஒரு சாண் மேலே' என்பார், அங்கேயே கூட்டம் சேர்ந்துவிடும்.

வெள்ளம் வராத ஊரா? வெப்பநிலையை எடுங்கள். 2018இல் எட் ஹாக்கின்ஸ் என்ற காலநிலை அறிவியலாளர் பரப்பிய வண்ணப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள், வருஷத்துக்கு ஒரு பட்டை, சராசரியைவிடக் குளிர்ந்தால் நீலம், சூடானால் சிவப்பு. அதை அப்படியே அச்சடித்துத் தொங்கவிடாமல், வருகிறவர்களிடம் அவரவர் பிறந்த வருஷத்துக்கான துணிப் பட்டையைக் கொடுத்துச் சாயம் பூசச் சொல்லுங்கள். எந்த அளவுக்கு எந்த நிறம், எந்தக் காலத்துச் சராசரியோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். படம் அழகாக வரவேண்டுமென்று பாதியில் மாற்றினால் மொத்தமும் பொய்யாகிவிடும்.

சிவப்புகளுக்கு நடுவே ஒரு வருஷம் வெளிறி நிற்பதை யாராவது கட்டாயம் கேட்பார்கள். கேட்கட்டும், அதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. உலகச் சராசரியில் 1992 அப்படித்தான் இறங்கியது, அதற்கு முந்தைய வருஷம் பினாட்டுபோ எரிமலை கக்கிய கந்தகம் மேலே பரவிச் சூரிய ஒளியைக் கொஞ்சம் தடுத்ததால். இந்த மாதிரி இரண்டு மூன்று பதில்களைக் கையில் வைத்திருங்கள்.

'இதைச் செய்யவே எவ்வளவு கார்பன் செலவு?' என்றும் கேட்பார்கள். ஓலாஃபுர் எலியாசன் என்ற கலைஞர் கிரீன்லாந்துப் பனிப்பாறைத் துண்டுகளைக் கொண்டுவந்து 2015இல், ஐ.நா. காலநிலை மாநாட்டு நேரத்தில், பாரிஸ் சதுக்கத்தில் உருகவிட்டபோதும் கேட்டார்கள், அதற்கான கணக்கை வெளியிட்டார்கள். உங்கள் கணக்கு சின்னதாகத்தான் இருக்கும், ஒரு அட்டையில் எழுதி வைத்தால் போதும்.

இன்னொன்று. அதே பாரிஸ் மாநாட்டையொட்டி வைத்த 37 படைப்புகளைப் பார்த்தவர்களிடம் நடத்திய ஆய்வில், மனதை அதிகம் கிளறியவை அழிவைக் காட்டியவை அல்ல, தீர்வைக் காட்டியவை. அதனால் கோட்டின் பக்கத்திலேயே ஒரு மேசை போடுங்கள்: அடைத்துக்கொண்ட வடிகால் எது, நிழல் இல்லாத தெரு எது என்று மக்களே குறிக்கிற பெரிய வரைபடம், பெயரும் எண்ணும் எழுத ஒரு நோட்டு. ஒரு வாரத்துக்குள் அந்த எண்களை அழைத்துவிடுங்கள், அதற்கு மேல் போனால் ஆறிவிடும்.