குதிகால் வலிக்கு இன்சோல்: அளவெடுத்துச் செய்வதா, ஆன்லைனில் வாங்குவதா?

இன்சோல் என்பது ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் தாங்கல். அது சைஸ் மாறி வந்தது, இடது வலது மாற்றி வைத்தது போன்றவை இரண்டு நாளில் தானே தெரிந்துவிடும்; அவற்றை விடுவோம். பணத்தையும் மாதக்கணக்கில் நாளையும் தின்கிற தவறுகள் வேறு. காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் அடியில் குதிகாலின் உட்பக்கம் சுருக்கென்று குத்தும், பத்தடி நடந்தால் குறையும், நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வரும். பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் பட்டை நொந்துபோவதால் வரும் அந்த வலிதான் இங்கே பேச்சு. எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்தால் அதன்மேல் பழியைப் போட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு.

இன்சோலை வாங்கிவிட்டு ஷூவைத் தேடுவது

காவிரி டெல்டாவில் அதிகமாகப் பணம் வீணாவது இதில்தான். குதிகால் வலிக்காரர்களும் சலிக்காமல் இதையே செய்கிறார்கள்.

கும்பகோணத்தில் பட்டுக்கடை விற்பனையாளர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆயிரம் கொடுத்து அளவெடுத்து இன்சோல் செய்து ஷூவுக்குள் வைக்கிறார். பைக்கில் கடைக்கு வர இருபது நிமிடம், திரும்பிப் போக இருபது நிமிடம். நடுவில் பத்து மணி நேரம், பாய் விரித்த மேடையில் வெறுங்காலோடு நிற்கிறார். இன்சோல் கடை வாசலில் ஷூவுக்குள் ஓய்வெடுக்கிறது. வீட்டுக்கு வந்தால் மொசைக் தரை, வெள்ளிக்கிழமை கோயில் பிரகாரத்தில் கருங்கல் தரை. மூன்று மாதம் கழித்து, "இன்சோல் போட்டும் பிரயோஜனமில்லை" என்கிறார். பாதத்துக்கு அடியிலேயே இல்லாத பொருள் எப்படி வேலை செய்யும்? சேற்றில் இறங்கி நடவு பார்க்கிறவருக்கும், நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவருக்கும் இதே கதைதான்.

ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு தாளில் ஒரு நாளை மணிவாரியாக எழுதுங்கள்: வெறுங்கால் எத்தனை மணி, செருப்பு எத்தனை, ஷூ எத்தனை. ஷூ நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக வந்தால் முதல் செலவு இன்சோலுக்கு இல்லை, வீட்டுச் செருப்புக்கு. எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பர் செருப்போ, குதிகால் உட்காரக் குழிவும் பின்பட்டையும் உள்ள கெட்டியான செருப்போ ஒரு ஜோடி வாங்கி, வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கென்று வையுங்கள். இரவு அதைக் கட்டிலடியில் விட்டு, காலையில் முதல் அடியை அதில்தான் வைக்க வேண்டும். தேய்ந்துபோன ஹவாய் செருப்பு இதற்கு ஆகாது. அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் இறுக்கிப் பிடிக்கும், நொந்த பட்டை இன்னும் இழுபடும். கடையில் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டுமென்றால், மேடையில் பாய்க்கு அடியில் கெட்டி ரப்பர் விரிப்பு போடச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். முதலாளிக்கும் பெரிய செலவில்லை.

அடுத்தது ஷூ. உள்ளே இருக்கும் பழைய இன்சோல் கழன்று வர வேண்டும். அதன்மேலேயே புதியதை வைத்தால் குதிகால் மேலேறிப் பின்பக்கம் கழன்று கழன்று வரும். ஷூவின் பின்சுவரை விரலால் நசுக்கினால் மடங்கக் கூடாது. அடிப்பாகம் விரல் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லேஸோ வெல்க்ரோவோ இருக்கட்டும். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போய்ப் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் இன்சோல்.

எடுத்த எடுப்பிலேயே விலை கூடியதற்குப் போவது

சாதாரண குதிகால் வலிக்குத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் 135 பேரை வைத்து நடந்து 2006இல் வெளியான ஆய்வில், ரெடிமேட் இன்சோலும் அளவெடுத்துச் செய்ததும் கிட்டத்தட்ட ஒரே அளவு பலன் தந்தன. 12 மாதம் கழித்துப் பார்த்தபோது ஒப்பிடுவதற்காகக் கொடுத்த போலி இன்சோல் போட்டவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்திருந்தார்கள். அதனால் முதலில் நடுவில் கெட்டியான, அமுக்கினால் அப்பளமாகாத ரெடிமேட் ஒன்றை வாங்கி ஆறு வாரம் பாருங்கள். கூடவே பயிற்சி: படுக்கையை விட்டு இறங்கும் முன் வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்கால் பக்கம் இழுத்து 10 விநாடி பிடிக்க வேண்டும். இப்படி 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. பயிற்சியை விட்டுவிட்டு இன்சோலை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

வளைவு மிக உயர்ந்த பாதம், இரண்டு கால்களும் வெவ்வேறு வடிவம், பழைய முறிவு, ரெடிமேட் போட்டும் குறையாத வலி: இவற்றுக்கு அளவெடுத்துச் செய்வதில் அர்த்தமுண்டு. செய்பவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

நின்றுகொண்டு அச்சு எடுப்பது

பாத அச்சு எடுக்கத் தபாலில் வரும் நுரைப் பெட்டியில் எழுந்து நின்று மிதித்தால் பாதத்தின் வளைவு அமுங்கிப் போகும். அந்தத் தட்டை வடிவத்திலேயே இன்சோல் செய்து அனுப்புவார்கள். நாற்காலியில் முழங்காலை 90 டிகிரியில் மடித்து உட்காருங்கள். இன்னொருவர் கணுக்கால் உள்ளே சாயாமல் பிடித்து, முதலில் குதிகாலையும் பிறகு வெளி ஓரத்தையும் விரல்களையும் அழுத்த வேண்டும். ஒரு விரல் தெரியாமல் பட்டாலும் நுரையில் பள்ளம் நிற்கும். தாளில் பாதத்தைச் சுற்றி வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீளமும் அகலமும் தெரியும், வளைவு தெரியாது. கலர் கலராக வரும் அழுத்தப் படமும் அப்படித்தான்: பாரம் எங்கே விழுகிறது என்று காட்டும், அச்சு ஆகாது.

முன்பாத மேட்டைத் தவறான இடத்தில் ஒட்டுவது

வலி முன்பாதத்தில் என்றால் அங்கே ஒட்டிக்கொள்ளச் சிறு மேடு ஒன்று கொடுப்பார்கள். அதை வலிக்கும் எலும்புக்கு நேர் கீழே ஒட்டினால் வலி இரட்டிப்பாகும். அமுக்கினால் வலிக்கும் இடத்தில் குழைத்த குங்குமம் வைத்து, இன்சோல்மேல் ஓர் அடி வையுங்கள். சிவப்பு படிந்த இடத்துக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக மேடு வர வேண்டும்.

சர்க்கரை இருந்தும் தபாலில் வாங்குவது

வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கெட்டி இன்சோலின் ஓரம் புண்ணாக்கினாலும் தெரியாது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பாதத்தைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

வேறு நோயை இன்சோலால் மூடுவது

குதிகாலை இரு பக்கமும் சேர்த்துப் பிழிந்தால் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதே வலித்தாலோ, மரத்துப்போனாலோ டாக்டரிடம்தான் போக வேண்டும்.

முதல் நாளே முழுநாள் போடுவது

முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினம் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போகலாம்.

நனைந்ததை வெயிலில் போடுவது

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனையாமல் இருக்காது. கழற்றி, ஃபேன் காற்றில் காயவையுங்கள். மொட்டை மாடி வெயிலும் பைக் பெட்டிச் சூடும் பசையைக் கழற்றி வடிவத்தைக் கோணலாக்கிவிடும்.