தாய்ச்சி: முழங்காலைத் திருகாதீர்கள், மற்றதெல்லாம் அப்புறம்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் தினமும் காலை ஆறரைக்குத் தாய்ச்சி, மெதுவாக அசைந்து செய்யும் சீன உடற்பயிற்சி. போன மாதம் புதிதாக மூன்று பேர் சேர்ந்தார்கள், மூவருக்கும் அறுபதுக்கு மேல். பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே கோளாறை மூவரும் வரிசையாகச் செய்கிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு வராதீர்கள், வழுக்கும் செருப்பு வேண்டாம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விடுங்கள்.

எடை ஊன்றிய காலைத் திருப்புவது

பெரும்பாலும் முதலில் கற்றுத் தருவது 24 அசைவுத் தொகுப்பு. தாய்ச்சி பாணிகளில் ஒன்றான நீளமான யாங் பாணியைச் சுருக்கி, பொதுமக்களுக்காக 1956இல் சீனாவில் அமைத்தது. அதில் இரண்டாவதாகவே 'காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரித்தல்' வந்துவிடும். இடம், வலம், இடம் என்று மூன்று தடவை. முழங்கால் போவது இங்கேதான்.

உடம்பின் எடை முன்காலில் இருக்கிறது. அடுத்த அடிக்குத் திரும்ப வேண்டும். எடையை எடுக்காமலே இடுப்பைத் திருப்பினால், பாதம் தரையில் ஒட்டியிருக்க, தொடை திரும்ப, நடுவில் மாட்டிக்கொள்கிறது முழங்கால். அது கதவுக்கீல் மாதிரி. மடக்கலாம், நீட்டலாம், திருகக் கூடாது.

முதலில் எடையைப் பின்காலுக்குக் கொண்டு போங்கள். முன்பாதம் லேசாக எழும்பும். குதிகாலை ஊன்றியபடி பாதத்தைச் சுமார் 45 பாகை வெளியே திருப்பி, அப்புறம் எடையை முன்னே கொண்டு வாருங்கள். இரண்டு விநாடி வேலை. அதைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

நானும் பிடித்தேன். பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து போவார். வீம்புக்கு நானும் தாழ்ந்து, தாழ்ந்தபடியே திருகினேன். பாட்டி என் முழங்காலைத் தட்டி "மான், மான்" என்றார். சீனத்தில் அது 'மெதுவாக'. எனக்கு அப்போது அது தெரியாது. மூன்றாவது வாரம் முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியது. அந்த வருடத் தைப்பூசத்துக்கு சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் எடுத்து நடக்க முடியவில்லை. "வலித்தால்தான் பலன்" என்று அப்போது சொல்லிக்கொடுத்தவர் சொன்னதை நினைத்தால் இன்றும் எரிகிறது.

மூச்சை எண்ணுவது

வேண்டாம். தானாக வரும்.

கையையே பார்ப்பது

கை அழகாக வந்து என்ன, கால் தடுமாறுகிறதே!

நிற்க முடியாது என்று வராமல் இருப்பது

நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம்.

புதியவர்களில் ஒருவர், 24 அசைவும் எப்போது முடியும் என்று தினமும் கேட்கிறார். இரண்டு வாரமாக நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு திருப்பத்தை மட்டும் செய்ய வைத்திருக்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார்.