உப்புக் காற்று படும் முகத்துக்கு இரவில் பத்து நிமிடம்

பாம்பனிலோ தொண்டியிலோ சாயங்காலம் உதட்டை நாக்கால் தடவினாலே கரிக்கும். கடலில் இறங்கியவர், கரையில் கடை வைத்திருப்பவர் என்று அது பார்ப்பதில்லை. ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது மணலும் சேர்ந்துகொள்ளும். அதனால் இந்தப் பக்கம் இரவுப் பராமரிப்பில் என்ன பூசுகிறோம் என்பதைவிட எதைக் கழுவுகிறோம், எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதுதான் முக்கியம். தேவைப்படுபவை நல்ல தண்ணீர் ஒரு செம்பு, பயத்தமாவு, சோற்றுக் கற்றாழை, சில சொட்டு எண்ணெய் அல்லது கிளிசரின். இவ்வளவுதான்.

முகத்தைத் தொடுவதற்கு முன் கையைக் கவனியுங்கள். முண்டு வத்தல் காம்பு கிள்ளியவர்கள், மீன் குழம்புக்கு மிளகாய் அரைத்தவர்கள் வெறும் தண்ணீரில் கை கழுவிவிட்டு முகத்தைத் தொட்டால் கண் எரியும். மிளகாயின் காரம் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அரை ஸ்பூன் சமையல் எண்ணெயை நக இடுக்கு வரை தேய்த்து, துணியில் துடைத்து, பிறகு சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவ வேண்டும்.

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியான கசடாகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். வாளியின் உட்புறம் படியும் வெள்ளைக் கறையும் அதே தண்ணீரின் வேலைதான். முகம் கழுவி ஐந்து நிமிடத்தில் கன்னம் இறுகி, அரிப்பு எடுத்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். படிகாரம் போட்டால் கலங்கல் தெளியும், உப்பு போகாது. கொதிக்க வைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி அடியில் படியும், உப்பு அப்படியே நிற்கும். குடிக்கப் பிடித்து வைக்கும் தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ ஒரு செம்பு, அதாவது அரை லிட்டர், முகத்துக்கென்று ஒதுக்கினால் போதும். குடம் காசு கொடுத்து வாங்கும் ஊரில் இது கொஞ்சம் கை நடுங்குகிற செலவுதான். ஆனாலும் வேறு எந்தப் பொருளை விட்டாலும் இதை விடக் கூடாது. முதல் கழுவல் போர் தண்ணீரில் இருக்கட்டும், கடைசி இரண்டு அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும்.

கழுவும் முறை இப்படி. முதலில் வெறும் தண்ணீரை நாலைந்து முறை முகத்தில் அள்ளித் தெளியுங்கள். காய்ந்த உப்பும் மணலும் இருக்கும்போதே துண்டால் துடைத்தால் தோல் உராய்ந்து சிவக்கும். கண் மை, தண்ணீரில் போகாத சன்ஸ்கிரீன் போட்டிருந்தால் நான்கைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தடவி, ஈரப் பஞ்சில் மெதுவாக ஒற்றி எடுங்கள். பிறகு ஒரு டீஸ்பூன் பயத்தமாவை இரண்டு டீஸ்பூன் தண்ணீரில் தளர்வாகக் குழைத்து, விரல் நுனியால் அரை நிமிடம் பரப்பிவிட்டு உடனே கழுவுங்கள். காய விட வேண்டாம். காய்ந்த மாவைச் சுரண்டி எடுக்கும்போதுதான் தோல் உரிகிறது, பழி பயறுமேல் விழுகிறது. மாவு நைசாக இருக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்ததை மெல்லிய துணியில் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஈரத்தில் சீக்கிரம் கட்டி தட்டி வண்டு விழும் என்பதால் ஒரு மாதத்துக்கு மேல் அரைத்து வைக்காதீர்கள்.

துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். தோலில் ஈரம் மிச்சம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், கற்றாழை. நன்கு முற்றிய வெளி மடலை அடியோடு வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்க டம்ளரில் கால் மணி நேரம் நிறுத்தி வையுங்கள். மஞ்சளாக ஒரு பால் வடியும். கற்றாழை தனக்கு அரிக்கிறது என்பவர்களில் பலர் இந்தப் பாலை வடிய விடாதவர்கள்தான். மடலைக் கழுவி, பச்சைத் தோலை முழுதாகச் சீவி, கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு முகத்துக்கு அரை டீஸ்பூன் தாராளம். மீதியை மூடிய கிண்ணத்தில் பிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். நிறம் மாறினாலோ வாடை வந்தாலோ வெளியே கொட்டிவிடுங்கள்.

அதன்மேல் எண்ணெய். எண்ணெய் தோலுக்கு ஈரம் தராது, இருக்கிற ஈரத்தைத் தப்ப விடாமல் மூடி வைக்கும். காய்ந்த முகத்தில் எண்ணெய் தடவிப் பயனில்லை என்பது இதனால்தான். செக்குத் தேங்காய் எண்ணெய் மூன்று சொட்டு, உள்ளங்கையில் தேய்த்து முகத்தில் ஒற்றினால் போதும். பரு வருகிறவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கும். தேமல் இருப்பவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் தேமலை உண்டாக்கும் பூஞ்சைக்கு அந்த எண்ணெயின் கொழுப்பே தீனி. இவர்களுக்குக் கிளிசரின் நல்லது. மருந்துக்கடைக் கிளிசரின் ஒரு பங்கு, ஆறவைத்த நல்ல தண்ணீர் நான்கு பங்கு. கலக்காமல் பூசினால் பிசுபிசுக்கும், எரியவும் செய்யும். மூன்று நாளுக்குத் தேவையான அளவு மட்டும் கலந்து பிரிட்ஜில் வையுங்கள்.

வாடைக் காற்றுக் காலத்தில் உதட்டுக்குத் துளி நெய். மணலில் நடந்து வெடித்த குதிகாலைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து (உப்புப் போட வேண்டாம், பகலெல்லாம் பட்டது போதும்), காய்ந்த பீர்க்கங்காய் நாரால் தேய்த்து, விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சம அளவில் தடவி, பருத்தி சாக்ஸ் போட்டுப் படுக்கலாம். வழுக்கும், எழுந்து நடக்கும்போது கவனம்.

சமையலறையிலேயே இருக்க வேண்டியவையும் உண்டு. எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 2-ஐ ஒட்டியது, தோலுடையது 5-ஐ ஒட்டியது. சாறு ஒட்டிய தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வந்து கருந்தழும்பாக நிற்கும். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் இரவில் அதைத் தொடவே வேண்டாம். சமையல் சோடா, பற்பசை, சர்க்கரைத் தேய்ப்பு ஆகியவற்றுக்கும் இதே பதில். மஞ்சள் தோலுக்குச் செய்வதைவிடத் தலையணை உறைக்குச் செய்வது அதிகம்.

எதையும் முதல் முறை முழங்கை உட்புறத்தில் ஒரு காசளவு தடவி, ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். சிவந்தால், தடித்தால் அது உங்களுக்கு ஆகாது. இறுக்கமும் அரிப்பும் இரண்டு வாரத்தில் குறைய வேண்டும். குறையாவிட்டால் முதலில் எண்ணெயை நிறுத்திப் பாருங்கள். வெயிலில் கருத்த முகம் இதனால் வெளுக்காது, அதற்குப் பகலில் தொப்பியும் முக்காடும்தான் வழி.

கடற்பாசி எடுக்கும்போது பாறை கிழித்த கை, சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்ட தடிப்பு, சீழ் வைத்த பரு ஆகியவற்றின்மேல் மாவு, கற்றாழை, எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. கிழிந்த காயத்தைச் சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள்.